உங்கள் நிர்வாகியை அணுகவும்

கடவுச்சொல் பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கிறது என்கிறான் கேபிள்கார அந்தோணி, ஊருக்கே தெரிந்த விஷயத்தை நான் ஒருத்தன்தான் கேட்கிறேன் என்கிற குரலில். அடியில் என்றால் எப்படிப் பார்ப்பதாம். டிவிக்கு மேலே, கை எட்டாத உயரத்தில், ஆணி அடித்து அந்த வைஃபை பெட்டியை மாட்டியதே அவன்தான். எட்டுகிற இடத்தில் வையப்பா என்று அன்றைக்கே அடித்துக்கொண்டேன், மேல இருந்தாத்தான் சார் ரூமுக்கெல்லாம் சிக்னல் போகும் என்றான், என்னமோ அரண்மனை மாதிரி. ஹவுசிங் போர்டு வீட்டில் இருப்பதே இந்த ஹாலும் ஒரு ரூமும். அந்த ரூமும் இப்போது என் மகள் இலக்கியாவுடையது, பிளஸ் ஒன் பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டதிலிருந்து கதவு சாத்தியே இருக்கிறது. அந்தச் சாத்திய கதவுக்காகத்தான் இத்தனை கூத்தும், பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நிற்பதும், அது என் எடைக்குக் காலை விரிப்பதும், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் போனை நீட்டிப் படம் எடுப்பதும். முதல் படத்தில் என் கட்டைவிரல். இரண்டாவதில் பல்லி முட்டை. அடுத்ததில் எழுத்து விழுகிறது, ஆனால் அது ஓவா சைபரா என்று பெற்றவனுக்குத்தான் தெரியும். அந்தோணிக்குத் திரும்ப அடித்தால் எடுக்கமாட்டேன் என்கிறான். என்னை மாதிரி ஆளுக்கு இது தேவையா. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் ரத்தினவேல் என்றால் தெரியாத டிரைவர் கிடையாது. என் கூண்டு ஜன்னலில் தலையை நீட்டிச் சொல்லாமல் ஒரு பஸ் உள்ளே வராது, என் விசில் கேட்காமல் ஒரு பஸ் நகராது. சார் பழனி, சார் வத்தலக்குண்டு, சார் கேட்டில் மாட்டிக்கிட்டேன், சார் டயர் போச்சு, சார் எம் பொண்டாட்டிக்குப் பிரசவம் நாளைக்கு டூட்டி மாத்திவிடுங்க. ஊரே வந்து என்னிடம் சொல்கிறது. என் வீட்டில்தான் எதையும் யாரும் என்னிடம் சொல்லித் தொலைக்கமாட்டார்கள். "அப்பா, என்ன சத்தம்?" என்று கதவுக்கு உள்ளேயிருந்து கேட்கிறாள். "ஒண்ணுமில்ல பாப்பா, ஒட்டடை" என்கிறேன். பொய் சொல்லும்போது என் குரல் இவ்வளவு நல்ல பிள்ளையாக இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

ஓ இல்லை, சைபர்தான். உள்ளே விட்டுவிட்டது. ஆனால் பெட்டியை ஆட்டிவைக்கிற இந்த ஆப்பில் எவன் தமிழ் எழுதினானோ அவனைக் கூண்டில் என் பக்கத்தில் ஒரு நாள் உட்கார வைக்கவேண்டும். கருவிகளைத் தேடுகிறது, பொறுமை காட்டவும் என்கிறது. யாரிடம் காட்ட. வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, அதைப் பார்த்தால் எனக்கும் தலை சுற்றுகிறது, காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டது, அவள் அதுகூடச் சாப்பிடவில்லை. அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. சாப்பாட்டுத் தட்டை அளைந்துவிட்டு எழுந்துபோகிறாள். குளிக்கப் போனால் தண்ணீர் ஊற்றும் சத்தமே இல்லாமல் வெகுநேரம் உள்ளே நிற்கிறாள். ஸ்கூல் கோ-கோ டீமில் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை, இனிமேல் விளையாடவில்லை என்று சொல்லிவிட்டாளாம், அதையும் பி.டி. டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் ரூமுக்குள் எட்டிப்பார்த்தால் போனைக் குப்புறக் கவிழ்க்கிறாள். கண் சிவந்திருக்கிறது. என்னம்மா என்றால் ஒண்ணுமில்லப்பா. தலைவலியா என்றால் ஒண்ணுமில்லப்பா. இந்த ஒண்ணுமில்லப்பாவைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பழனியிலிருந்து அக்கா போனில் சொல்கிறாள், "வயசுப் பிள்ள கதவச் சாத்துதுன்னா என்னடா அர்த்தம்? எவனோ ஒருத்தன் இருக்கான் தம்பி. தாயில்லாப் பிள்ள, நீதான் கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாக்கணும்." அக்காவுக்கென்ன, அங்கே உட்கார்ந்துகொண்டு சொல்லிவிடுவாள், இங்கே எந்தக் கண்ணில் எந்த எண்ணெயை விடுவது. கூண்டில் உட்கார்ந்து பழனி பஸ்ஸுக்கு விசில் ஊதும்போதும் என் நினைப்பு அந்த எவனோ ஒருத்தனிடமே போய் நிற்கிறது. அவனுக்கு ஒரு முகம்கூடக் கொடுத்துவிட்டேன், கன்னத்தில் மரு வைத்து, பைக்கில் உட்கார வைத்து. இதோ கிடைத்துவிட்டது. கருவிகள். ரத்தினவேல். டிவி. மூன்றாவதாக, சுகுணா. என் மனைவி. சுகுணாவின் போன்தான் அது, அவள் போனபிறகு இலக்கியாவுக்குக் கொடுத்தேன், நல்ல போனை வீணாக்குவானேன் என்று. கவரை மாற்றினாள், சிம்மை மாற்றினாள், உள்ளே இருக்கிற பேரை யாரும் மாற்றவில்லை. மூன்று வருஷமாக இந்த வீட்டில் சுகுணா இருந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள், சுவரில் மாட்டிய பெட்டிக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. பேரைத் திருத்த வேண்டுமா என்று கேட்கிறது. வேண்டாம். இந்தக் கருவி யாருடையது, பெரியவரா, குழந்தையா என்று கேட்கிறது. சுகுணா என்கிற பேருக்குப் பக்கத்தில் குழந்தை என்று அழுத்துகிறேன். அவளிருந்தால் சிரித்திருப்பாள், உங்களுக்கு நாந்தான் கெடச்சனா என்று.

எதையெதைத் தடுக்கவேண்டும் என்று வரிசையாகக் கேட்கிறது. சூதாட்டம், சரி. சண்டை விளையாட்டு, சரி. பெரியவர்களுக்கானவை, அதற்குத்தானே வந்தேன், சரி. ஆனால் இது போதாது என்று ஸ்கூலில் பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்த ஒரு ஆள் சொன்னான். அத்தனை அம்மாக்களுக்கு நடுவில் நான் காக்கிச் சட்டையோடு கடைசி பெஞ்சில், முட்டி இடித்துக்கொண்டு. உங்க பிள்ளை போன்ல என்ன பாக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா என்று அவன் கேட்டபோது எல்லோரும் ஃபெயிலான பிள்ளைகள் மாதிரி தலையைக் குனிந்துகொண்டோம். தனியாக வார்த்தைகளைப் போட்டுவையுங்கள் என்றான், அந்த வார்த்தை பக்கத்தின் பேரில் வந்தாலே பெட்டி மறித்துவிடும், மறித்த கையோடு உங்கள் போனுக்குச் செய்தி வரும். என்னென்ன வார்த்தை என்று ஒரு அம்மா கேட்டாள். உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் போடுங்க மேடம் என்றான், ஹாலே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நெளிந்தது. இப்போது வார்த்தை போடுகிற அந்தக் காலிக் கட்டம் என் முன்னால் இருக்கிறது. தெரிந்ததெல்லாம். பஸ் ஸ்டாண்டில் வேலை பார்க்கிறவனுக்கு வார்த்தைக்கா பஞ்சம், கழிப்பறைச் சுவர் முழுக்க எழுதி வைத்திருக்கிறார்கள், தினம் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். ஆனால் ஒற்றை விரலால் அதை என் கையால் அடிப்பது வேறு. தமிழில் அடிக்க மனம் வரவில்லை, பார்த்தால் கூசுகிறது, இங்கிலீஷில் அடித்தால் யாரோ அடித்த மாதிரி இருக்கிறது. உடம்பில் என்னென்ன இருக்கிறதோ ஒவ்வொன்றாக அடிக்கிறேன். மேலே உள்ளது, கீழே உள்ளது. ஒவ்வொன்றுக்கும் பச்சை டிக் விழுகிறது, கெட்டிக்காரா என்று தட்டிக்கொடுக்கிற மாதிரி. ஐம்பது வயதில் வாயால் ஒருதரம்கூடச் சொல்லாத வார்த்தைகளையெல்லாம், நடு மத்தியானம், மனைவியின் படத்துக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எரிச்சலாக வருகிறது. எவன் மேல் என்று தெரியாத எரிச்சல். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடுகிறது, இந்தப் பிள்ளைக்கு மத்தியானத்துக்கு என்ன செய்வது, ரசம் வைத்தால் சாப்பிடுவாளா. கடைசியாக இன்னொரு கட்டம். தடுக்கப்பட்ட பக்கத்தில் காட்டவேண்டிய செய்தி. அதுவாகவே ஒன்றை எழுதி வைத்திருக்கிறது: இந்தப் பக்கம் தடுக்கப்பட்டுள்ளது, உங்கள் நிர்வாகியை அணுகவும். நிர்வாகி என்றால் யார், நானா? வீட்டில் அப்பாவை நிர்வாகி என்றா கூப்பிடுவார்கள். அழிக்கிறேன். படிக்கிற வேலையைப் பார் என்று அடிக்கிறேன், அழிக்கிறேன். அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று அடிக்கிறேன், தெரிந்திருந்தால் இந்த நாற்காலியில் ஏன் உட்கார்ந்திருக்கிறேன், அதையும் அழிக்கிறேன். என்ன எழுதுவது என்று யோசித்து யோசித்து, கடைசியில் கண்டக்டர்களிடம் நாள் முழுக்கக் கத்துவதுதான் கைக்கு வருகிறது, சொல்லிட்டுப் போடா, சொல்லிட்டு எடுடா வண்டிய. எதுவானாலும் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பார். அப்படியே இருக்கட்டும், கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது, இருக்கட்டும். சேமி என்பதை அழுத்துகிறேன். உங்கள் குடும்பம் இப்போது பாதுகாப்பாக உள்ளது என்கிறது. நல்லது.

ரசத்துக்குப் புளியை ஊறப்போட்டுவிட்டுக் கையைத் துடைக்கும்போதே போன் நடுங்குகிறது. அதற்குள்ளாகவா. சுகுணா தடுக்கப்பட்ட பக்கத்தைத் திறக்க முயன்றார். ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் இலக்கியா என்று உறைக்கிறது. கீழே பக்கத்தின் பேர் பாதிதான் தெரிகிறது, முதல் வார்த்தை, பிறகு மூன்று புள்ளி. அந்த முதல் வார்த்தை நான் இப்போது அடித்ததில் ஒன்று, மேலே உள்ளது. பக்கத்து ரூமில், கதவுக்கு அந்தப் பக்கம், புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, என் மகள் இதைத்தான் தேடுகிறாளா. காது மடல் சுடுகிறது. அக்கா சொன்னது சரிதான். மரு வைத்தவன் பைக்கை விட்டு இறங்கி என் ஹாலில் வந்து நிற்கிறான். அவன்தான் கேட்டிருப்பான், அனுப்பு என்று ஏதாவது கேட்டிருப்பான், பேப்பரில் தினம் வருகிறதே. கதவு வரைக்கும் போய்விட்டேன், கையை ஓங்கியாகிவிட்டது. தட்டி என்ன கேட்பேன்? அந்த வார்த்தையை என் வாயால் சொல்லியா கேட்பேன்? முழுசாகப் பார்த்துவிட்டுக் கேட்போம், ஆதாரத்தோடு கேட்போம், ஒண்ணுமில்லப்பா என்று இந்தத் தடவை சொல்லட்டும் பார்ப்போம். செய்தியைத் தொட்டால் ஆப் திறக்கிறது, திறந்தால் திரும்பக் கடவுச்சொல் கேட்கிறது. அடக் கண்றாவியே, இப்போதுதானே கொடுத்தேன். அடிக்கிறேன், தவறு என்கிறது. ஓ போட்டுப் பார்க்கிறேன், தவறு. விரல் புளியில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, ஒன்றைத் தொட்டால் இன்னொன்று விழுகிறது, தவறு. பல முறை தவறாக முயன்றுள்ளீர்கள், சிறிது நேரம் கழித்து முயலவும். சிறிது நேரம் என்றால் எவ்வளவு நேரம், அதைச் சொல்லேன்டா. பஸ் லேட்டானால்கூட எவ்வளவு லேட் என்று நான் மைக்கில் சொல்கிறேன். சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மறுபடியும் நடுங்குகிறது. சுகுணா தடுக்கப்பட்ட பக்கத்தைத் திறக்க முயன்றார். முயன்றாராம். மரியாதை வேறு. சுகுணா எதைத் திறந்து என்னிடம் காட்டினாள். படத்தில் பார், ஒன்றும் தெரியாதவள் மாதிரி சிரிப்பு. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டதாம். மழை போய், பொங்கல் போய், சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போய் நெரிசலில் நின்றுவிட்டு வந்தோம், அப்போதும் சொல்லவில்லை. கடைசியில் நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குங்க என்றாள். தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன், அங்கேயும் நெஞ்சு என்றுதான் சொன்னாள், ஈ.சி.ஜி. எடுத்து வாயுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினான். வேளாவேளைக்குத் தின்னாத்தான என்று நானும் சத்தம் போட்டேன். மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எப்பம்மா பாத்தீங்க என்று கேட்டபோது இவள் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே போன வருசம் என்றாள். திரும்பி வருகிற பஸ்ஸில், முன் சீட்டில் இலக்கியா ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பதின்மூன்று வயது, நான் சுகுணாவிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன், "ஏன்டி எங்கிட்ட சொல்லல?" வாடிப்பட்டி தாண்டுகிறவரைக்கும் பேசவில்லை. அப்புறம், "எப்படிச் சொல்றதுன்னு தெரியலைங்க" என்றாள். இதென்ன பதில். வாயைத் திறந்து சொன்னால் போதாதா. நான் என்ன புலியா, கடித்தா தின்றுவிடுவேன். மூன்று வருஷமாகியும் அந்தப் பதில் மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை, செத்தவள் மேல் கோபப்படக்கூடாது என்பார்கள், ஆனாலும் வருகிறது, தினம் வருகிறது, தனியாகச் சோறு வடிக்கும்போது வருகிறது. அவள் மகள் மட்டும் வேறு எப்படி இருப்பாள்.

வட்டம் நின்றுவிட்டது. இந்தத் தடவை கையைக் கழுவித் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடிக்கிறேன், விடுகிறது. பக்கத்தின் பேர் முழுசாக வருகிறது, நடுவில் இடமே விடாமல் ஒட்ட ஒட்ட எழுதிய இங்கிலீஷ், தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டைப் படிக்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுத்துக்கூட்டுகிறேன். முதலில் அந்த வார்த்தை. அதற்குப் பின்னால் கட்டி. அதற்குப் பின்னால் பதின்வயதுப் பெண். புரிந்துவிட்டது, ஆனால் புரியவில்லை, திரும்ப முதலிலிருந்து படிக்கிறேன். மார்பு. கட்டி. பதின்வயதுப் பெண். ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் பக்கம். அதற்குக் கீழே அடுத்தது, அதிலும் முதலில் அதே வார்த்தை, அப்புறம் புற்று, அப்புறம் அம்மா, அப்புறம் மகள். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே மேலே இன்னொன்று வந்து விழுகிறது, சுகுணா முயன்றார், சுகுணா முயன்றார். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிவப்பில் தடுக்கப்பட்டது. தடுத்தது நான். மரு வைத்தவன் எங்கே போனானென்று தெரியவில்லை, பைக்கையும் காணோம், அப்படி ஒருத்தன் இருந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன், இருந்து தொலையடா, எவனாவது இரு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். சத்தமில்லாத குளியலறை. கோ-கோ. குப்புறக் கவிழ்த்த போன். அவளுக்கு யாரிடம் கேட்பது, இந்த வீட்டில் கேட்கிறதுக்கு ஒரு பொம்பளை இல்லை, அந்தப் போனிடம் கேட்டாள், அதன் வாயையும் நான் அடைத்துவிட்டேன். எடுத்துவிட வேண்டும், முதலில் அந்த வார்த்தையை எடுத்துவிட வேண்டும். எங்கே இருக்கிறது அந்தக் கட்டம், மூன்று கோட்டைத் தொட்டால் பாதுகாப்பு, பாதுகாப்பைத் தொட்டால் வார்த்தைகள், நான் அடித்ததெல்லாம் பச்சை டிக்கோடு வரிசையாக நிற்கிறது. நீக்கு. நிச்சயமாக நீக்க வேண்டுமா? ஆமாடா. மாற்றங்கள் நடைமுறைக்கு வருகின்றன, பொறுமை காட்டவும். வட்டம். வட்டம். என்ன பொறுமை, எவ்வளவு பொறுமை, போன வருசம் என்றாளே அவ்வளவா. போனைச் சோபாவில் எறிந்துவிட்டு நாற்காலியில் ஏறுகிறேன், அது காலை விரிக்கிறது, விரிக்கட்டும், பெட்டிக்குப் பின்னாலிருந்து வயரைப் பிடித்து ஒரே இழு. பச்சை விளக்கெல்லாம் அணைகிறது.

உடனே தாழ்ப்பாள் சத்தம். வீட்டில் நெட் போனால் மட்டும்தான் இந்தக் கதவு தானாகத் திறக்கும், எனக்குத் தெரியும், வந்து நெட்டு போச்சுப்பா என்பாள், நான் வயரைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்லப்போகிறேன். இலக்கியா வாசலில் நிற்கிறாள். தலை வாரவில்லை. கோடையில் யாராவது இப்படிச் சால்வையைப் போர்த்திக்கொள்வார்களா, இதை நான் எத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். என்னைப் பார்க்கிறாள், என் கையிலிருக்கிற வயரைப் பார்க்கிறாள். நெட் போனதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. போனை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறாள். கடைசியாக வந்த பக்கம் அப்படியே நிற்கிறது, வெள்ளைத் திரையில் கறுப்பாக என்னுடைய எழுத்து.

"இது நீங்க போட்டதாப்பா?"

"ஆமா பாப்பா."

"நாலு தடவ வந்துருச்சு." சால்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொள்கிறாள். "எதத் தொறந்தாலும் இதேதான் வருது. அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பார்னு."

தெரியும் என்று சொல்ல வாய் வருகிறது, அடக்கிக்கொள்கிறேன், நானாகத் தெரிந்துகொண்டதாக இருக்கவேண்டாம்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியலப்பா," என்கிறாள். அப்புறம், "சொல்லட்டுமா?"

வயரைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியிலிருந்து இறங்குகிறேன். நான் ஏறி நின்ற தடம் அதில் இருக்கிறது. தோள் துண்டால் அதைத் துடைத்து, நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு, நான் தரையில் உட்காருகிறேன்.

"உக்காரு பாப்பா. சொல்லு."